ஆரணியில் பெயர் பெற்ற சுருட்டை

சுருட்டை விரியனுக்கு உலகம் இன்று வழங்கும் அறிவியல் பெயர் செஞ்சியிலிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள ஆரணியில் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராகச் சோழமண்டலக் கரையில் பணியாற்றிய பேட்ரிக் ரஸ்ஸல், 1796இல் வெளியிட்ட இந்தியப் பாம்புகள் பற்றிய நூலில் இந்தப் பாம்பைப் படத்தோடு விவரித்தார். 1801இல் ஜெர்மானிய அறிஞர் ஷ்னைடர் அதற்குக் ‘காரினேட்டா’ என்று பெயரிட்டார். எக்கிஸ் காரினேட்டஸ் என்ற இன்றைய பெயருக்கு அதுவே மூலம். விலங்கியலில் ஒரு பெயர் எந்த ஊர் மாதிரியைக் கொண்டு வைக்கப்பட்டதோ, அந்த ஊர்தான் அந்த இனத்தின் அளவுகோல். ஆரணி முதல் செஞ்சி வரை ஒரே நிலம்தான்: கருங்கல் குன்றுகள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் உருண்டைப் பாறைகள், இடையிடையே முட்புதர், மானாவாரிக் கொல்லை. செஞ்சிக் கோட்டைக் குன்றுகளான ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கீழே அந்தப் பாறை இடுக்குகளில் வாழும் ஓரடிப் பாம்பு, தன் இனத்தின் மூல வடிவம் என்ற இடத்தில் நிற்கிறது. ஆனால் பொதுநூல்கள் தரும் உருவம் வேறு. சுருட்டை 80 சென்டிமீட்டர் வரை வளரும் என்று அவை எழுதுகின்றன. அந்த அளவு ராஜஸ்தான், பாகிஸ்தான், அதற்கும் மேற்கே உள்ள வறண்ட நாடுகளின் பாம்புக்குரியது. அதை ஸ்டெம்லர் 1969இல்தான் சோச்சுரெக்கி என்ற தனி உள்ளினமாகப் பிரித்தார். பெயர் பெற்றது நம் பாம்பு. அளவு பெற்றது வடக்கத்திப் பாம்பு. இதை ஒரு சிறு பிழையாக நான் கருதவில்லை.

இந்த உடல் வேறுபாடு எதனால் என்பதற்கு எளிதாகக் கிடைக்கும் விடைகள் மூன்று. முதலாவது, தெற்கே பிடிபடுபவை குட்டிகளாக இருக்கலாம் என்பது. ஆனால் பாம்பின் அடிவயிற்றுச் செதில்களின் எண்ணிக்கை பிறப்பிலேயே முடிவாகிவிடும். வயது கூடினாலும் அது கூடாது. வடமேற்குப் பாம்புகளுக்கு அந்த எண்ணிக்கையே பொதுவாக அதிகம். ஆக இது வளர்ச்சி குன்றிய உடலன்று, பிறவியிலேயே வேறான உடல். இரண்டாவது விடை வெப்பம். குளிர் நாட்டில் உடல் பெருக்கும் என்று 1847இல் பெர்க்மன் சொன்னது வெப்ப இரத்த விலங்குகளைப் பற்றியது. பல்லிகளிலும் பாம்புகளிலும் அது பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கிறது: குளிர் கூடக் கூட உடல் சிறுக்கிறது. சுருட்டையோ கடுங்குளிர் காலம் உள்ள வடமேற்கில் பெருத்து, ஆண்டு முழுதும் வெயில் காயும் செஞ்சியில் சிறுத்திருக்கிறது. ஊர்வனவற்றின் பொதுப்போக்கைக் கொண்டு இதை விளக்க முடியாது.

மூன்றாவது விடைதான் வலுவானது: இரை. ஆஸ்திரேலியாவின் புலிப்பாம்பு இதற்குப் பெயர் போன சான்று. கடற்பறவைக் குஞ்சுகள் மலிந்த சாப்பல் தீவில் அது மிகப் பெரிதாக வளர்கிறது. சிறு பல்லிகளே கிடைக்கும் வேறு தீவுகளில் குள்ளமாக நிற்கிறது. செஞ்சிப் பாம்பும் அப்படித் தேளையும் பூரானையும் தின்று சிறுத்ததுதானே என்று கேட்கலாம். ஆனால் தேளும் பூரானும் இந்த இனம் பரவிய இடமெங்கும் அதன் இரைதான். அதைத் தின்றுதான் அங்கே பெருக்கிறது, இங்கே சிறுக்கிறது. ஒரு தலைமுறையின் சாப்பாடு செதில் எண்ணிக்கையை இந்த அளவு மாற்றும் என்று நம்புவதும் கடினம். நீண்ட காலம் பிரிந்து வாழ்ந்த இரு கிளைகள், தத்தம் நிலத்துக்கேற்ப இரு உடல்களைப் பெற்றன என்பதே சான்றுகளோடு ஒத்துப்போகிறது.

உள்ளினம் என்பதே மனிதர் போட்ட கோடு, இடைப்பட்ட நாட்டில் இரண்டும் கலந்துதானே இருக்கும் என்ற மறுப்பும் உண்டு. கோடு மங்கலாக இருக்கலாம். அதன் இரு கரையும் வேறு வேறு என்பது மருத்துவமனையில் தெரிந்துவிட்டது. 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு பாம்புத் தோல் வியாபாரம் ஒடுங்கியது. அதை நம்பி வாழ்ந்த இருளர்களுக்காக 1978இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் அவர்கள் எடுக்கும் நஞ்சுதான் நாட்டின் விஷமுறிவு மருந்துக்குப் பெரும்பாலும் மூலப்பொருள். அதாவது, ராஜஸ்தானில் கடிபட்டவருக்கும் தமிழ்நாட்டுக் குட்டைச் சுருட்டையின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்தே போகிறது. அந்த மருந்து அங்கே சரியாகக் கேட்பதில்லை என்று ராஜஸ்தான் மருத்துவர்கள் 2007இல் எழுதினார்கள். தமிழ்நாடு, கோவா, ராஜஸ்தான் சுருட்டைகளின் நஞ்சுக் கூறுகள் ஒன்றல்ல என்பதைப் பின்னர் வந்த ஆய்வும் காட்டியது. இருளர்களின் கைத்திறனில் குறையே இல்லை. ஒரு வட்டாரத்துப் பாம்பை நாடு முழுவதற்கும் பொதுவாக்கிய ஏற்பாட்டில்தான் குறை. நூலில் வடக்கத்தி அளவைப் பொதுவாக்கினார்கள், மருந்தில் தெற்கத்தி நஞ்சைப் பொதுவாக்கினார்கள். இரண்டுக்கும் காரணம் ஊரைப் பார்க்காமல் இனத்தின் பெயரை மட்டும் பார்த்ததுதான்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. அந்தப் பதிவுகளில் கடித்த பாம்பின் இனமும், ஊரும், இயன்றால் அதன் நீளமும் இடம்பெற வேண்டும். செஞ்சி வட்டாரத்தில் கல் புரட்டுவோருக்கும் கொல்லையில் களை எடுப்போருக்கும் ஒரு வேண்டுகோள்: ஓரடிதானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். சுருட்டை கடித்தால் கீறாமல், கட்டாமல், நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.