குறி பார்க்கும் கண்



இலக்கியத் தொடரில் துவக்குக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். 'குறி' என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். இலக்கு, அடையாளம், வருவதுரைத்தல் என்று அது பல பொருள் தரும். எதைக் குறி வைப்பது, எப்படிக் குறி வைப்பது என்ற இரண்டு கேள்விகளும் பதுளை மண்ணின் வரலாற்றில் பின்னிக் கிடக்கின்றன.

கண்டி இராச்சியத்துக் கொல்லர்கள் துவக்குச் செய்வதில் வல்லவர்கள். விசைப்பொறியை இடப்புறத்தில் அமைப்பது அவர்களுடைய தனி வழக்கம். 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையிலிருந்து கொள்ளையிட்டுச் சென்ற பொருள்களை நெதர்லாந்து 2023இல் திருப்பி அளித்தபோது, அவற்றுள் இரு துவக்குகளும் இருந்தன. உலைக்களமும் சம்மட்டியும் அரமுமே அந்தக் கொல்லர்களின் கருவிகள்.

1817இல் ஊவா வெல்லச கிளர்ந்தெழுந்தது. பதுளையில் அதிகாரியாயிருந்த வில்சன் அம்பு பட்டு இறந்தார். கலகத்தை அடக்குமாறு ஆங்கிலேயர் ஊவாவின் திசாவையான கெப்பெட்டிப்பொலவை ஆயுதங்களுடன் அனுப்பினர். அவரோ மக்களோடு சேர்ந்துகொண்டார். சேருமுன், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஆயுதங்களை ஆங்கிலேயரிடமே திருப்பி அனுப்பிவிட்டார் என்று வரலாறு கூறும். ஒருவர் தந்த துவக்கால் அவரையே குறி வைப்பது அறமன்று என அவர் கருதினார் போலும். 1818 நவம்பரில் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

அடுத்த தலைமுறையில் துவக்கின் குறி யானையின் பக்கம் திரும்பிற்று. பதுளையில் அதிகாரம் செலுத்திய மேஜர் றொஜர்ஸ் ஆயிரத்து நானூறு யானைகள் வரை கொன்றதாகக் கணக்குண்டு. அவர் 1845 ஜூனில் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அன்று காடு அழிந்து கோப்பித் தோட்டங்கள் எழுந்துகொண்டிருந்தன. யானையைக் கொன்றவருக்கு அரசாங்கம் சன்மானமும் கொடுத்தது.

அக்காலத் துவக்குக்கு மருந்தும் குண்டும் வாய்வழியே இடிக்கப்பட்டன. குழலுக்குள் வரி வெட்டிய றைபிளில் குண்டு இறுகப் பொருந்த வேண்டும். இடைவெளி இருந்தால் மருந்தின் விசை வீணாகும், குறி தப்பும். இதற்கு அவர்கள் கண்ட வழி என்ன தெரியுமா? கொழுப்புத் தடவிய ஒரு சிறு துணித்துண்டு! குண்டை அதில் சுற்றி இடித்தால் துணி வரிகளை நிரப்பிக்கொள்ளும். மங்கிய வெளிச்சத்தில் முனை தெரியாதபோது, அங்கே சிறிது வெள்ளைப் பஞ்சைக் கட்டிக்கொள்வதும் வேட்டைக்காரர் வழக்கம்.

பிற்காலத்தில் துவக்கின் மேல் தொலைநோக்கி ஏறியது. அதனுள்ளே குறுக்கும் நெடுக்குமாய்த் தெரியும் இழைக்கும் ஒரு கதை உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் கஸ்கொயின் என்ற ஆங்கிலேய வானியலாளரின் தொலைநோக்கிக்குள் ஒரு சிலந்தி நூல் இழுத்துவிட்டிருந்தது. அந்த இழை அவர் நோக்கிய காட்சியோடு சேர்ந்து துலக்கமாய்த் தெரிந்தது. குறியிழை என்னும் எண்ணம் அப்படிப் பிறந்தது. பின்னர் நில அளவைக் கருவிகளிலும் துவக்குத் தொலைநோக்கிகளிலும் உண்மையாகவே சிலந்தி இழை பூட்டப்பட்டது. ஒட்டடையென்று நாம் துடைத்தெறிவது, மலையை அளக்கவும் மனிதனைக் குறி வைக்கவும் உதவியிருக்கிறது.

தொலைநோக்கியைத் துவக்கில் பொருத்துவது எளிதன்று. பிடிவளையம் சற்று உயரமாகவோ தாழ்வாகவோ அமைந்துவிட்டால், பழைய தகர டப்பாவிலிருந்து மெல்லிய கீற்று ஒன்றை வெட்டி அடியில் செருகுவார்கள். வளையத்துக்குள் குழல் வழுக்கினால் சிறிது குங்கிலியப் பொடி தூவுவார்கள். குறியிழை நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரின் தூக்குநூலே போதும். சற்றுத் தொலைவில் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, துவக்கைச் சாயாமல் நிறுத்தி, தொலைநோக்கியின் நெடுக்கிழை அந்நூலோடு ஒன்றும்வரை குழலைத் திருப்ப வேண்டும். இழை சாய்ந்திருந்தால், தொலைவு கூடக் கூடக் குண்டு பக்கவாட்டில் விலகும். பூமி இழுக்கும் திசையை ஒரு கல்லும் நூலும் பிழையின்றிக் காட்டும். எந்தத் தொழிற்சாலையும் அதைவிட நேரான கோட்டைச் செய்துவிட முடியாது.

இத்தகைய கைப்பழக்கத்தை நம் தோட்டத்து மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. செங்குத்தான சரிவில் கயிறு பிடித்து, முளையடித்து, நிரை தவறாமல் கன்று நட்ட கைகள் அவை. தகரத்தைத் தட்டி விளக்காக்கியவர்களும் அவர்களே. எனினும் இந்த மலைநாட்டின் சரித்திரத்தில் பெயர் பெற்றவன் துவக்கைப் பிடித்தவன் மட்டுமே. காட்டில் தடம் பார்த்தவனும், மதயானை பாய்ந்து வருகையில் ஓடாமல் பக்கத்தில் நின்று அடுத்த துவக்கை நீட்டியவனும் பெயரற்றுப் போயினர். றொஜர்ஸுக்குப் பதுளைத் தேவாலயத்தில் நினைவுக் கல்வெட்டு உண்டு. அவர் உயிரைக் காத்த கைகளுக்கு எங்கே கல்வெட்டு?

ஆயினும் கைத்திறன் என்பதற்காக எதையும் போற்றிவிடலாகாது. பன்றிக்கென்று பாதையோரத்தில் மறைத்து வைக்கப்படும் கட்டுத்துவக்கும் கைத்திறனில் பிறந்ததே. சட்டம் தடுத்தும் அது இன்னும் ஒழியவில்லை. அதற்குக் கண் இல்லை. கயிற்றில் இடறுவது பன்றியா, சிறுத்தையா, விறகு பொறுக்கப் போன ஒரு தாயா என்று அது பார்ப்பதில்லை. பயிரைக் காக்க வேண்டிய ஏழைக் குடியானவனின் துன்பம் மெய்தான். ஆனால் அத்துன்பத்துக்கு விலையாக இன்னோர் ஏழையின் காலைக் கேட்பது எவ்வாறு நியாயமாகும்?

தகரக் கீற்றும் தூக்குநூலும் சிலந்தி இழையும் குறியை நேராக்கும். குறி எதன்மேல் நிற்கிறது என்பதை அவை சொல்லமாட்டா. அதை மனிதன்தான் பார்க்க வேண்டும். கையில் ஆயுதம் இருந்தும் அதைத் திருப்பி அனுப்பிய ஒருவர் வாழ்ந்த மண் ஊவா என்பதை நாம் மறவாதிருப்போமாக.