கள்ளுக்கடையை மூடினது சேலத்துல, வரி விழுந்தது எல்லார் பில்லுலயும்

உங்க சட்டைப் பையில ஏதாவது கடை பில் இருந்தா வெளிய எடுங்க. கீழே ஜி.எஸ்.டி.ன்னு ஒரு வரி இருக்கும். அதோட பூர்வீகத்தைத் தேடிப் போனா, நம்ம சேலம் ஜில்லா கள்ளுக்கடை வாசல்ல வந்து நிக்கும்.

1937 ஜூலையில ராஜாஜி சென்னை மாகாணத்தோட பிரதமர் ஆகிறார். அப்போ முதல்வரை அப்படித்தான் சொல்வாங்க. நிதி இலாகாவும் அவர் கையிலதான். மூணு மாசம் கூட ஆகல, அக்டோபர் 1-ம் தேதி மதுவிலக்கு அமலுக்கு வருது. மாகாணம் முழுக்க இல்ல, சேலம் ஜில்லாவுல மட்டும். அன்னைக்கு சேலம்னா இன்னைக்கு இருக்கிற நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது. எங்க சாஃப்ட்வேர் பாஷையில இதுக்குப் பைலட் ரன்னுன்னு பேரு.

ஏன் சேலம்? அது அவரோட ஊர். பிறந்தது ஓசூர் பக்கத்துல தொரப்பள்ளி. வக்கீல் தொழில் பார்த்தது சேலத்துல, 1917-ல நகரசபைத் தலைவரானதும் அங்கேதான். 1925-ல திருச்செங்கோடு பக்கத்துல புதுப்பாளையத்துல காந்தி ஆசிரமம் ஆரம்பிச்சார். அங்கிருந்து 1929-ல 'விமோசனம்'னு ஒரு பத்திரிகை வந்தது. முழுக்க முழுக்க மதுவிலக்குக்குன்னே நடத்தின பத்திரிகை, கூட வேலை பார்த்தவர் கல்கி! பொன்னியின் செல்வன் எழுதின அதே கல்கிதான். குடி இல்லன்னா கூலிக்காரர் வீட்டுல அந்தக் காசு அரிசியா மாறும்ங்கிறதுதான் அவங்க வாதம்.

இங்கதான் சிக்கல். மாகாண வருமானத்துல ஏறக்குறைய கால் பங்கு கள், சாராயத்துல இருந்துதான் வந்துட்டிருந்தது. அடுத்து சித்தூர், கடப்பா, வட ஆற்காடுன்னு ஒவ்வொரு ஜில்லாவா மதுவிலக்கு போகப் போக, கஜானாவுல ஓட்டை பெருசாகுது. அதை அடைக்க 1939-ல கொண்டு வந்ததுதான் சென்னை பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவுலேயே முதல் பொது விற்பனை வரி அது. அதுக்கு முன்னாடி மத்திய மாகாணத்துல பெட்ரோல் மாதிரி சரக்குக்கு மட்டும் வரி போட்டிருந்தாங்க. எல்லாப் பொருளுக்கும் சேர்த்துப் போட்டது இங்கதான்.

விகிதம் அரை சதவீதம்தான். ஆனா பல முனை வரி. மொத்த வியாபாரி விக்கும்போது அரை, அவர்கிட்ட வாங்கினவர் விக்கும்போது மறுபடி அரை. கை மாற மாற வரி மேல வரி ஏறும். இப்ப ஜி.எஸ்.டி.யில முன்னாடி கட்டின வரியைக் கழிச்சுக்கிறோமே, அந்த வசதி அன்னைக்கு கிடையாது. வியாபாரிகள் எதிர்த்தாங்க. எனக்கு அவங்க கோபத்துல நியாயம் தெரியுது. குடிக்கிறவர் மட்டும் குடுத்த காசு, இப்போ துணி வாங்குற விதவைத் தாய் தலையிலயும் விழுதில்ல? அதே சமயம் குடிக்கிறவர்னு நாம சொல்ற காசு, பெரும்பாலும் அவர் சம்சாரத்தோட அடுப்புல இருந்து போனதுதான். இதுல எந்தப் பக்கம் நிக்கிறதுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன், கடைசியில அரை மனசா ராஜாஜி பக்கம் சாஞ்சேன்.

யாரும் அதிகம் பேசாத இன்னொருத்தர் மரம் ஏறுறவர். அவருக்கு ஒரே நாள்ல தொழில் போச்சு. மிச்சமிருந்த வழி பதநீர். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவினா இறங்குற பால் புளிக்காது, காய்ச்சினா வெல்லம். அதே மரம், அதே ஏணி, கலயத்துல ஒரு பூச்சுதான் வித்தியாசம். அந்தப் பூச்சு இல்லன்னா போலீஸ்.

1939 அக்டோபர்ல ராஜாஜி ராஜினாமா பண்ணிட்டார். யுத்த காலத்துல மதுவிலக்கை நிறுத்தி வச்சாங்க, விற்பனை வரியை நிறுத்தல. சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல மாகாணம் முழுக்க மதுவிலக்கு திரும்ப வந்தது. 1971-ல தளர்த்தி, மறுபடி போட்டு, 1981-ல திரும்பவும் கடை திறந்தாங்க. 1983-ல டாஸ்மாக் வந்தது, 2003-ல சில்லறை விற்பனையும் அதுக்கே போச்சு. கள்ளுக்கு மட்டும் 1987-ல போட்ட தடை இன்னும் இருக்கு.

இதுல நான் ரொம்ப ரசிச்சது ரெண்டு விஷயம். மதுவுக்குப் பதிலாப் பொறந்த வரியோட வாரிசு 2017-ல ஜி.எஸ்.டி. ஆனப்போ, அதுக்குள்ள வராத பொருள்ல ஒண்ணு குடிக்கிற மது. அதுக்கு இன்னைக்கும் மாநிலமே தனியா வரி போடுது. இன்னொண்ணு, டாஸ்மாக் கடை எந்தச் சட்டத்துக்குக் கீழ நடக்குதுன்னு தேடினேன். 2003-ல போட்ட சில்லறை மது விற்பனை விதிகள். அந்த விதிகளைப் போட அதிகாரம் குடுத்த சட்டத்தோட பேரு, தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937.