ஐக்கிய அமெரிக்காவில் பேருந்து நிறுத்த அணுகுமைக்கான பொதுநிதி

பேருந்து நிறுத்த அணுகுமை என்பது சக்கர நாற்காலியில் செல்வோர், பார்வையற்றோர், முதியோர், கைக்குழந்தையுடன் வருவோர் முதலிய எல்லாப் பயணிகளும் பிறர் துணையின்றி நிறுத்தத்தை அடையவும், அங்கே காத்திருக்கவும், பேருந்தில் ஏறி இறங்கவும் இயலும் நிலையைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் இதற்கான செலவைக் கூட்டரசு, மாநிலங்கள், நகராட்சிகள், போக்குவரத்து நிறுவனங்கள் ஆகியவை பகிர்ந்துகொள்கின்றன. பேருந்தை அணுகத்தக்கதாக மாற்றும் பணி அந்நாட்டில் பெருமளவு நிறைவேறிவிட்டது. பேருந்து வந்து நிற்கும் இடத்தை மாற்றும் பணி பல நகரங்களில் முடியவில்லை. இந்த இடைவெளிக்குப் பணப் பற்றாக்குறை ஒரு காரணம். நிறுத்தம் யாருடைய பொறுப்பு என்பதில் உள்ள சிக்கல் மற்றொரு காரணம். பின்னதே பெரியது எனலாம்.

நிறுத்தத்தின் உரிமை

அமெரிக்க நகரங்களில் பேருந்துகளை இயக்கும் அமைப்பு பெரும்பாலும் ஒரு வட்டாரப் போக்குவரத்து ஆணையமாக இருக்கும். ஆனால் நிறுத்தம் அமைந்துள்ள நடைபாதை நகராட்சிக்கோ, மாவட்டத்துக்கோ, மாநில நெடுஞ்சாலைத் துறைக்கோ சொந்தமானது. சான்றாக, லாஸ் ஏஞ்சலஸ் மெட்ரோ நிறுவனம் பேருந்துகளை ஓட்டுகிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகர எல்லைக்குள் நடைபாதையும் நிழற்குடையும் நகராட்சியின் பொறுப்பில் உள்ளன. பல இடங்களில் ஆணையத்துக்குச் சொந்தமாக அங்கே இருப்பது ஒரு கம்பமும் அதில் மாட்டிய பலகையும் மட்டுமே. சில மாநிலங்களிலும் நகரங்களிலும் நடைபாதையைப் பழுதுபார்க்கும் கடமை அதை ஒட்டிய வீட்டு உரிமையாளரைச் சார்கிறது. ஆகவே உடைந்த பத்தடி நடைபாதையைச் சீர்செய்ய மூன்று தரப்பினர் ஒருவரையொருவர் கைகாட்டுவது வழக்கமாயிற்று.

வரலாறு

1970இல் நகரப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், முதியோருக்கும் உடற்குறை உடையோருக்கும் பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்த மற்றவர்களுக்கு உள்ள அதே உரிமை உண்டு என்று கொள்கையளவில் அறிவித்தது. 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, கூட்டரசுப் பணம் பெறும் எத்திட்டமும் இவர்களை ஒதுக்கக் கூடாது என்றது. இப்பிரிவுக்கான விதிகளை வெளியிட அரசு தாமதித்தபோது, 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் கூட்டரசுக் கட்டடத்தில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ நான்கு வாரங்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினர். விதிகள் கையெழுத்தாயின.

1978 ஜூலை 5 அன்று கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில், கோல்ஃபாக்ஸ் அவென்யூவும் பிராட்வேயும் சந்திக்கும் இடத்தில் 19 மாற்றுத்திறனாளிகள் தங்கள் சக்கர நாற்காலிகளால் பேருந்துகளை மறித்தனர். பேருந்துகளில் ஏற்றுப்பொறி பொருத்த வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. மறியல் மறுநாளும் தொடர்ந்தது. அந்நகரிலிருந்து 1983இல் எழுந்த அடாப்ட் என்னும் இயக்கம் நாடெங்கும் இப்போராட்டத்தைக் கொண்டுசென்றது.

இதற்கிடையே, 1979இல் கூட்டரசின் போக்குவரத்துத் துறை புதிய பேருந்துகளில் ஏற்றுப்பொறியைக் கட்டாயமாக்கியது. அமெரிக்கப் பொதுப் போக்குவரத்துச் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1981இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதிகள் மிகையான செலவைச் சுமத்துவதாகக் கருதி அவற்றை ஏற்க மறுத்தது. உரிமையை ஒப்புக்கொண்டு செலவை மறுக்கும் இந்தப் போக்கு பின்னர் நிறுத்தங்களின் கதையிலும் மீண்டும் வரும்.

1990 ஜூலை 26 அன்று குடியரசுத் தலைவர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட மாற்றுத்திறனாளர் அமெரிக்கர் சட்டம் நிலைமையை மாற்றியது. 1990 ஆகஸ்ட் 25க்குப் பின் வழக்கமான தடங்களுக்காகப் பொது அமைப்புகள் வாங்கும் அல்லது குத்தகைக்கு எடுக்கும் புதிய பேருந்து ஒவ்வொன்றும் சக்கர நாற்காலி ஏறத்தக்கதாக இருக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. பேருந்தின் ஆயுள் பன்னிரண்டு ஆண்டுகள் அளவே என்பதால் பழையன கழிந்து புதியன வந்தபோது பேருந்துகள் தாமாகவே மாறின. பின்னர் வந்த தாழ்தளப் பேருந்துகள் படிகளையே நீக்கி, மடக்குச் சாய்தளத்தைக் கொண்டுவந்தன.

நடைபாதைக்கு அத்தகைய ஆயுள் வரம்பு கிடையாது. ஐம்பது ஆண்டுப் பழைய நடைபாதை அப்படியே கிடக்கலாம். புதிதாகக் கட்டும்போதோ மாற்றியமைக்கும்போதோ மட்டுமே வடிவமைப்புத் தரங்கள் நேரடியாகப் பொருந்தும். ஆகவே சாய்தளத்தை நீட்டும் வசதியுள்ள பேருந்து, அதை நீட்ட இடமில்லாத புல்தரையின் அருகே வந்து நிற்கும் காட்சி பொதுவானதாயிற்று.

நிறுத்தத்துக்கான தரங்கள்

போக்குவரத்துத் துறை 2006இல் ஏற்ற தரங்களின்படி, ஏறி இறங்கும் தளம் உறுதியான பரப்பாக இருத்தல் வேண்டும். சாலை விளிம்பிலிருந்து உள்நோக்கி 96 அங்குலமும் (ஏறத்தாழ 2.44 மீட்டர்), சாலைக்கு இணையாக 60 அங்குலமும் (ஏறத்தாழ 1.52 மீட்டர்) தடையற்ற இடம் தேவை. உள்நோக்கிய அளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் எளிது: பேருந்தின் சாய்தளம் தரையில் படிய ஓரளவு இடம் வேண்டும், அதன் முனைக்கு அப்பால் சக்கர நாற்காலி திரும்பி நேராக நிற்க மீதி இடம் வேண்டும். சாலைக்குக் குறுக்கான திசையில் தளத்தின் சரிவு 48க்கு 1 என்பதை மிஞ்சக் கூடாது. நிழற்குடை இருந்தால் அதன் கூரைக்குள் 30 அங்குலம் அகலமும் 48 அங்குலம் நீளமும் கொண்ட வெற்றிடம் வேண்டும். இல்லாவிட்டால் சக்கர நாற்காலியில் வருபவர் இருக்கையில் அமர்ந்தவர்களுக்கு அருகே மழையில் நனைந்துகொண்டு காத்திருக்க நேரும். தளத்திலிருந்து தெருவுக்கும் நடைபாதைக்கும் செல்லத் தடையில்லா வழியும் இருக்க வேண்டும்.

தளத்தின் நீள அகலம் பற்றிய இவ்விதியில் ஒரு தொடர் உண்டு. கட்டுமான விவரங்கள் தங்கள் கட்டுப்பாட்டில் உள்ள அளவுக்கு மட்டும் பொது அமைப்புகள் அதை உறுதிசெய்ய வேண்டும் என்பது அதன் பொருள். நடைபாதை தனக்குச் சொந்தமன்று எனக் கூறும் போக்குவரத்து ஆணையத்துக்கு இத்தொடர் ஒரு வாயில் ஆயிற்று.

நிதி மூலங்கள்

கூட்டரசின் பொதுப் போக்குவரத்து நிருவாகம் வழங்கும் நல்கைகள் சட்டப் பிரிவு எண்களாலேயே அறியப்படுகின்றன. இவற்றுள் நிறுத்தங்களுக்கு முதன்மையானது 5310ஆம் பிரிவு. முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் நடமாட்டத்தை மேம்படுத்துவது இதன் நோக்கம். 1970களில் தொண்டு நிறுவனங்களுக்கு ஊர்தி வாங்கித் தரும் சிறு திட்டமாக இது தொடங்கியது. 2005இல் புதிய விடுதலை என்ற பெயரில் தனியான ஒரு திட்டம் உருவாக்கப்பட்டு, சட்டம் கட்டாயமாக்கியவற்றுக்கு மேற்பட்ட வசதிகளுக்குப் பணம் தரப்பட்டது. 2012இல் அது நீக்கப்பட்டு அதன் பணிகள் 5310இல் சேர்க்கப்பட்டன.

5310இன் பணம் மக்கள்தொகைக் கணக்குப்படி பிரிக்கப்படுகிறது. பெருநகரப் பகுதிகளுக்கு 60 விழுக்காடும், சிறு நகரப் பகுதிகளுக்கு 20 விழுக்காடும், ஊரகப் பகுதிகளுக்கு 20 விழுக்காடும் செல்கின்றன. மூலதனச் செலவில் 80 விழுக்காடு வரை கூட்டரசு ஏற்கும். எஞ்சியதை உள்ளூரில் திரட்ட வேண்டும். போக்குவரத்துத் துறை அல்லாத பிற கூட்டரசுத் துறைகளின் பணத்தையும் உள்ளூர்ப் பங்காகக் காட்டலாம். பெற்ற பணத்தில் குறைந்தது 55 விழுக்காடு ஊர்தி வாங்குதல் போன்ற மரபான திட்டங்களுக்குச் செலவிடப்பட வேண்டும். நிறுத்தத்துக்குச் செல்லும் நடைபாதை, தெரு முனைச் சாய்தளம், ஒலி எழுப்பும் பாதசாரிச் சைகை விளக்கு ஆகியவை மீதமுள்ள 45 விழுக்காட்டுக்குள் மற்றத் திட்டங்களுடன் போட்டியிட்டே இடம் பெறுகின்றன.

இங்கே கவனிக்கத்தக்க ஒரு முரண் உண்டு. சட்டம் ஏற்கெனவே கட்டாயமாக்கிய வேலை அதற்கு மேற்பட்ட வசதியாகக் கருதப்படாது. எனவே புதிதாகக் கட்டப்படும் நிறுத்தத்தைத் தரத்துக்கேற்ப அமைக்க வேறு பணம் தேட வேண்டும். எவரும் தொடக் கடமைப்படாத பழைய நிறுத்தம்தான் இத்தலைப்புக்குப் பொருத்தமானது.

நகரப் போக்குவரத்துக்கான பெரிய நல்கை 5307ஆம் பிரிவின் கீழ் வருகிறது. இரண்டு இலட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரப் பகுதிகள் இதில் குறைந்தது 1 விழுக்காட்டைப் பேருந்து நிழற்குடை, நடைபாதை இணைப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகுமை போன்ற துணை மேம்பாடுகளுக்குச் செலவிட வேண்டும் என 1998ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பேருந்து வாங்குவதோடும் பராமரிப்போடும் ஒப்பிட இத்தொகை சிறியது; எனினும் நிறுத்தத்துக்கெனச் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது. இவை தவிர, கூட்டரசு நெடுஞ்சாலை நிதியையும் நகராட்சியின் சாலை நிதியையும் நடைபாதைகளுக்குப் பயன்படுத்த முடியும்.

நீதிமன்றங்களின் பங்கு

நகராட்சிகளின் கருவூலத்தைத் திறந்ததில் சட்டமன்றங்களைவிட வழக்குகளுக்குப் பங்கு மிகுதி. பிலடெல்பியா நகரைச் சார்ந்த கின்னி எதிர் யெருசலிம் வழக்கில், சாலைக்குப் புதிதாகத் தார் இடுவதும் மாற்றியமைத்தலே. ஆகவே அப்போது தெரு முனைகளில் சாய்தளம் அமைத்தாக வேண்டும் என்று 1993இல் மூன்றாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவின் பார்டன் எதிர் சாக்ரமெண்டோ வழக்கில், நடைபாதையே நகராட்சி வழங்கும் ஒரு சேவை என 2002இல் ஒன்பதாம் சுற்று நீதிமன்றம் கூறியது. உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. அதன்பின் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, சாக்ரமெண்டோ நகரம் தன் போக்குவரத்து நிதியில் 20 விழுக்காட்டை 30 ஆண்டுகள் வரை நடைபாதை அணுகுமைக்கு ஒதுக்க ஒப்புக்கொண்டது. லாஸ் ஏஞ்சலஸ் நகரமும் 2016இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின் மூலம் 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 140 கோடி டாலர் செலவிட இசைந்தது.

செலவும் சேமிப்பும்

நிறுத்தங்களைச் சீர்செய்வது அறச்செயல் மட்டுமன்று. அதில் கணக்கும் உண்டு. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்கமான பேருந்தைப் பயன்படுத்த இயலாதோருக்குப் பாராடிரான்சிட் எனப்படும் முன்பதிவுச் சிற்றூர்திச் சேவையைப் போக்குவரத்து ஆணையம் வழங்க வேண்டும். பேருந்துத் தடத்தின் இருபுறமும் முக்கால் மைல் தொலைவுக்குள் இது கிடைக்க வேண்டும். கட்டணம் பேருந்துக் கட்டணத்தின் இருமடங்கை மிஞ்சக் கூடாது. இத்தகைய ஒரு பயணத்துக்கு ஆணையத்துக்கு ஆகும் செலவு, பேருந்தில் ஒருவர் செல்லும் பயணத்தின் செலவைப்போலப் பன்மடங்காகும்.

உடற்குறையும் சுற்றுப்புறத் தடையும் சேர்ந்து ஒருவரை நிறுத்தத்தை அடையவிடாமல் செய்தால், அவரும் இச்சேவைக்குத் தகுதி உடையவர் என்கின்றன விதிகள். அதாவது நடைபாதை இல்லாத நிறுத்தத்தால் நகராட்சிக்குச் செலவு மிச்சம். அதன் விலையை ஆணையம் ஒவ்வொரு பயணத்துக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பயணிக்கோ இழப்பு வேறுவகையானது. பேருந்தில் செல்பவர் நினைத்த நேரத்தில் புறப்படலாம். சிற்றூர்திக்கு முந்திய நாளே பதிவு செய்ய வேண்டும். கேட்ட நேரத்துக்கு ஒரு மணி முன்போ பின்போ மாற்றிக்கொள்ள ஆணையம் பேசலாம். வேலை நேர்காணலுக்கோ மருத்துவரிடமோ செல்வோருக்கு இது சிறு வேறுபாடு அன்று.

யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் பகுதியில் சீர்செய்யப்பட்ட நிறுத்தங்களையும் சீர்செய்யப்படாத ஒத்த நிறுத்தங்களையும் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். சீர்செய்தவற்றில் பயணிகள் எண்ணிக்கை கூடுதலாக வளர்ந்தது. அவற்றைச் சுற்றிய பகுதிகளில் சிற்றூர்திச் சேவைக்கான தேவை குறைவாகவே வளர்ந்தது.

விளம்பர வருவாய்

பல நகரங்கள் நிழற்குடைகளை விளம்பர நிறுவனங்களிடம் ஒப்படைத்து, பொதுப்பணம் இன்றி அமைக்க முயன்றன. விளம்பரத்துக்கு நல்ல விலை கிடைக்கும் தெருக்களில் நிழற்குடைகள் எழுவதும், பயணிகள் மிகுந்த ஏழைப் பகுதிகள் வெயிலில் விடப்படுவதும் இம்முறை மீது கூறப்படும் குறை. லாஸ் ஏஞ்சலஸ் இருபது ஆண்டுகள் இவ்வகை ஒப்பந்தத்தில் இருந்தபின், 2022இல் நகரின் சொந்த முதலீட்டுடன் புதிய நிழற்குடைத் திட்டத்தை ஏற்றது.

அண்மைய மாற்றங்கள்

2021 நவம்பரில் நிறைவேறிய உள்கட்டமைப்புச் சட்டம், பழைய தொடர்வண்டி நிலையங்களை அணுகத்தக்கவையாக்க ஐந்து ஆண்டுகளுக்கு 175 கோடி டாலர் ஒதுக்கியது. இந்நிதி தொடர்வண்டி நிலையங்களுக்கு உரியது. பேருந்து நிறுத்தங்கள் இதில் அடங்கா. நிலையம் ஒரே உரிமையாளரைக் கொண்ட பெரிய கட்டடம். நிறுத்தங்களோ ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடப்பவை. இதனால் பின்னவற்றுக்குத் தனி நிதி கேட்பது அரசியலிலும் கடினமாகவே இருந்துவந்துள்ளது.

பொதுவழிகளில் உள்ள பாதசாரி வசதிகளுக்கான வழிகாட்டு நெறிகளை அமெரிக்க அணுகுமை வாரியம் பல ஆண்டு விவாதத்துக்குப் பின் 2023 ஆகஸ்டில் இறுதிசெய்தது. இந்நெறிகள் பாதசாரி வழியின் குறைந்த அகலத்தை 48 அங்குலமாக வைத்தன. பொதுவழிகளில் புதிதாக அமைக்கப்படும் அல்லது மாற்றப்படும் பேருந்து நிறுத்தங்களுக்குப் போக்குவரத்துத் துறை 2024 டிசம்பரில் இவற்றை ஏற்றது. விதி 2025 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்தது. இதனுடன் புதிய நிதி எதுவும் சேர்க்கப்படவில்லை. மாற்றியமைக்கப்படாத பழைய நிறுத்தங்களை இவ்விதி தொடுவதில்லை.