தலையைக் கேட்ட வீரன்: 'மூன்று அரசுகள்' நாவலில் உறையும் பௌத்தம்

தெற்கு மெல்பர்னில் 1866இல் கட்டப்பட்ட சீ யுப் கோயிலுக்கும், சிட்னியின் கிளீப் பகுதியில் 1898இல் எழுந்த சே யுப் கோயிலுக்கும் மூலவர் ஒருவரே: குவான் டி. தென்சீனத்தின் குவாங்டுங் மாகாணத்து நான்கு வட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் எழுப்பிய கோயில்கள் இவை. கி.பி. 220இல் சிறைபிடித்துக் கொல்லப்பட்ட தளபதி குவான் யூவே இத்தெய்வம். பௌத்த மடங்கள் இவரைக் காவல் தெய்வமாக ஏற்றன; மிங் பேரரசர் 1614இல் தாவோயிச மரபில் 'பேரரசர்' பட்டம் சூட்டினார். எனினும் மக்கள் மனத்தில் இவரை நிலைநிறுத்தியது 'மூன்று அரசுகள்' என்னும் நாவல்தான்.

சீனச் செவ்வியல் நாவல்களின் சமயப் பொருளைக் குறியீட்டுப் பூட்டாகக் கருதித் திறப்பது பழைய வழக்கம். 'மேற்கு நோக்கிய பயணம்' நாவலை அகரசவாத நூலாகவே, அதாவது உடலையே உலைக்களமாகக் கொள்ளும் தாவோயிசப் பயிற்சியின் நூலாகவே, படித்த உரையாசிரியர்கள் உண்டு. கான்பெராவில் சீனப் பேராசிரியராக விளங்கிய லியு சுன்யான் 1962இல் வெளியிட்ட நூல், இந்நாவல்களில் பௌத்த, தாவோயிசத் தாக்கத்தை வரலாற்றுச் சான்றுகளோடு ஆராய்ந்தது. அந்த வழியே நம்பத்தக்கது. அதோடு கதைநிகழ்ச்சிகளின் வரிசையையும் சான்றாகக் கொள்ள வேண்டும் என்பது என் வாதம்.

நாவலின் 77ஆம் அத்தியாயத்தில், தலை துண்டிக்கப்பட்ட குவான் யூவின் ஆவி யூச்சுவான் மலைக்கு மேலே வந்து தன் தலையைத் திருப்பிக் கேட்கிறது. அங்குள்ள துறவி பூஜிங் ஆறுதல் சொல்லவில்லை. நீ வெட்டிய யான் லியாங்கும் வென் சௌவும் ஐந்து கணவாய்களில் மாண்ட ஆறு தளபதிகளும் தம் தலைகளை யாரிடம் கேட்பார்கள் என்கிறார். இவர்களுள் யான் லியாங்கை மட்டுமே குவான் யூ கொன்றதாக வரலாறு கூறும். மற்றவற்றை அவர் கணக்கில் சேர்த்தது கதைமரபு. வீரத்தைப் பெருக்கக் கொலைகளைச் சேர்த்த அதே கதை, இங்கே அக்கொலைகளுக்குப் பொறுப்புக் கேட்கிறது. வினைக் கோட்பாடு உபதேசமாக வராமல் ஒரு கேள்வியாக வந்து தைப்பதே இதன் வலிமை.

தமிழ் வாசகர் இங்கே சிலப்பதிகாரத்தை நினைக்காமல் இருக்க முடியாது. கண்ணகியின் முன் மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி தோன்றி, முற்பிறப்பில் பரதனாக இருந்த கோவலன் சங்கமன் என்ற வணிகனைக் கொல்வித்ததை உரைக்கிறாள். இரண்டு நூல்களிலும் அநியாயச் சாவின் சினம் கொதிக்கும்போதே பழைய சாவு ஒன்று நினைவூட்டப்படுகிறது. சினந்தவர் பின்னர் கோயில் கொள்கிறார். ஆனால் மதுரை தீப்பற்றிய பிறகே மதுராபதி பேசுகிறாள். சீன நாவலிலோ, ஞானம் பெற்றுத் துறவியை வணங்கிய அதே ஆவி, அதே அத்தியாயத்தில் தன்னைச் சிறைபிடிக்கச் செய்த லூ மெங்கின் உடலில் புகுந்து அவனைக் கொல்கிறது. பழைய வரலாற்று நூலில் லூ மெங் நோயால் இறந்தவன். பழிவாங்கலை வேண்டுமென்றே புனைந்த மரபு, பூஜிங்கின் கேள்வியையும் நீக்காமல் வைத்திருக்கிறது. இம்முரணைத் தொகுப்பின் குறை என ஒதுக்குவோர் தவறுகிறார்கள். நீதி கேட்கும் மக்களுக்கும் பற்றறுக்கச் சொல்லும் சமயத்துக்கும் இடையிலான தீராத வழக்கு அது.

ஆஸ்திரேலியக் கோயில்களில் அவ்வழக்கின் இரு பக்கங்களும் தெரிகின்றன. அந்நிய மண்ணில் கூட்டாளியின் சொல்லை நம்பிப் பிழைத்தவர்களுக்குத் துரோகத்தைப் பொறுக்காத தெய்வம் தேவைப்பட்டது. அதே கோயில்களில் இறந்தோர் பெயர்ப்பலகைகளுக்கும் இடம் ஒதுக்கினார்கள். மெல்பர்னில் அவை பல ஆயிரம். உறவினர் இல்லாத ஊரில் இறப்பவன் அலையும் ஆவியாகிவிடுவான் என்ற அச்சத்துக்கு, தானே உடலற்று அலைந்து அமைதியடைந்த தெய்வத்தின் கூரையை விடப் பொருத்தமான இடம் வேறில்லை.