முதலில் பேனாவைப் பிடுங்குங்கள்!

1835-ம் வருடம், ஜூன் மாதம். டெஹ்ரானில் நெகாரெஸ்தான் என்றொரு அரண்மனைத் தோட்டம். ராஜா கூப்பிடுகிறார் என்று ஆள் வருகிறது. பிரதம மந்திரி கிளம்பிப் போகிறார். போனால், ராஜாவைக் காணோம். 'கொஞ்சம் இருங்கள், இதோ வந்துவிடுவார்' என்கிறார்கள். காத்திருக்கிறார். நேரம் போகிறது. சரி, அப்புறம் வருகிறேன் என்று எழுந்தால், வாசலில் காவல்.

மந்திரியை மடக்கியாயிற்று. ராஜா போட்ட முதல் உத்தரவு என்ன தெரியுமா? பேனாவையும் காகிதத்தையும் அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள்! அந்த மனிதரின் எழுத்தில் ஏதோ சூனியம் இருக்கிறது. ஒரு சீட்டு எழுதி அனுப்பி, அதை நான் படித்துத் தொலைத்தால், மனசு மாறி விட்டுவிடுவேன் என்றாராம். இரானில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை இது.

படைகளையெல்லாம் வைத்திருக்கிற ஒரு ராஜா, ஒரு நாணல் பேனாவுக்கு ஏன் இப்படி நடுங்கவேண்டும்?

ஒரே ஒரு வார்த்தையில் பதில் இருக்கிறது. நமக்கும் தெரிந்த வார்த்தைதான். திவான். புதுக்கோட்டை திவான், திருவிதாங்கூர் திவான் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பாரசீகத்தில் திவான் என்றால் அரசாங்க அலுவலகம். அதே திவானுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. ஒரு கவிஞரின் மொத்தக் கவிதைத் தொகுப்பு! கவிதைக்கும் கச்சேரிக்கும் ஒரே பெயர். பெயர் மட்டுமல்ல, பல சமயம் ஆளும் ஒருவரேதான்.

காரணம் எளிமையானது. அந்தக் காலத்தில் அரசாங்கம் நடந்ததே கடிதங்களில்தான். அண்டை நாட்டை மிரட்ட, கவர்னரைக் கண்டிக்க, கடன் கேட்க, கெஞ்ச, எல்லாவற்றுக்கும் கடிதம். ராஜாவின் பெயரில் போகும் கடிதம் சப்பென்று இருக்கலாமா? நடுவே நாலு வரி கவிதை மின்னவேண்டும். ஆக, நல்ல கவிஞன்தான் நல்ல செயலாளன். நல்ல செயலாளன் ஒருநாள் மந்திரி. நம் ஊரில் 'முன்ஷி' என்கிறோமே, அவரும் இந்த வம்சம்தான்.

1797 முதல் 1834 வரை இரானை ஆண்ட ஃபத் அலி ஷாவின் தர்பாருக்கு வாருங்கள். இடுப்பு வரைக்கும் தாடி. நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அவரே கவிஞர், 'காகான்' என்ற புனைபெயரில் எழுதினார். ராஜாவுக்கே பைத்தியம் என்றால் சுற்றியிருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? ஆஸ்தான கவி சபா, ராஜாவின் பெருமையைப் பாட 'ஷாஹன்ஷா நாமா' எழுதினார். கும், காஷான் ஊர்களின் கவர்னராகவும் இருந்தார். நெஷாத் என்ற இஸ்ஃபஹான் கவிஞர், ராஜாங்கக் கடிதத் துறைக்கே தலைவர்.

இவர்களையெல்லாம் தாண்டி நின்றவர்தான் நாம் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தோமே, அந்த மந்திரி. பெயர் மிர்ஸா அபுல் காசிம் ஃபராஹானி. பிறந்தது 1779. 'காயெம் மகாம்' என்பது பட்டம். பிரதம மந்திரியின் ஸ்தானத்தில் இருப்பவர் என்று அர்த்தம். அவர் அப்பாவுக்கும் அதே பட்டம்தான். பட்டத்து இளவரசர் அப்பாஸ் மிர்ஸா தப்ரீஸ் நகரில் இருந்தார். அப்பா அவருக்கு மந்திரி. 1822-ல் அப்பா இறந்ததும், மகன் அந்த இடத்துக்கு வந்தார்.

மகன் செய்த முதல் காரியம், எழுத்தில் இருந்த கொழுப்பைக் கரைத்தது. அதுவரை பாரசீகக் கடிதம் என்றால் பாதிப் பக்கம் புகழாரம், மீதிப் பாதி அலங்காரம். விஷயம் எங்கே என்று தேடவேண்டும். இவர் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினார். பேசுகிற மாதிரி எழுதினார். கிண்டல் தாராளமாக வந்தது.

கிண்டலோடு நிறுத்தியிருக்கலாம். உண்மையையும் பேசினார். அங்கேதான் வம்பு.

1826-ல் ரஷ்யாவோடு மறுபடி சண்டை போடலாமா என்று ஆலோசனை. தர்பாரே போர், போர் என்று குதிக்கிறது. இவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. நீ என்னய்யா சொல்கிறாய் என்று ராஜா கேட்டார். உங்கள் வருமானம் எவ்வளவு என்று திருப்பிக் கேட்டாராம் இவர். ஆறு குரூர். ரஷ்ய ராஜாவுக்கு? அறுநூறு குரூர் என்கிறார்கள். ஆறு உள்ளவன் அறுநூறு உள்ளவனோடு மோதுவது கணக்குக்கு ஒத்துவரவில்லையே என்றாராம்.

(இந்தக் குரூர், வட இந்தியாவில் கோடியைக் 'கரோர்' என்பார்களே, அதேதான். பாரசீகம் போனதும் இளைத்துவிட்டது. அங்கே ஒரு குரூர் என்றால் வெறும் 5 லட்சம்!)

கணக்குச் சொன்னவருக்கு என்ன பரிசு? ரஷ்யாவின் ஆள் என்று பட்டம் கட்டி, பதவியைப் பறித்து, மஷ்ஹத் நகருக்கு அனுப்பிவிட்டார்கள். போர் நடந்தது. 1827-ல் தப்ரீஸ் நகரமே ரஷ்யர்கள் கையில். இப்போது ஓடிப்போய் யாரைக் கூப்பிட்டார்கள்? அவரையேதான். 1828-ல் துருக்மான்சாய் ஒப்பந்தம். எரிவானும் நகிச்செவானும் போயின. அபராதம் மட்டும் 10 குரூர் தொமான், அதாவது 2 கோடி ரூபிள். ஆறு குரூர் வருமானக்காரனுக்குப் பத்து குரூர் தண்டம்!

போர்க்களத்தில் நிற்காமல் ஓடிய அல்லாயார் கான் என்ற பெரிய மனிதரைப் பற்றி இவர் ஒரு கிண்டல் பாட்டும் எழுதினார். அல்லாயார் கான் லேசுப்பட்ட ஆளில்லை, அப்போதைய பிரதம மந்திரி. அப்பாஸ் மிர்ஸாவின் மகன் முகமது மிர்ஸாவுக்குத் தாய்மாமன். பாட்டு பிரபலமாயிற்று. விரோதியும் நிரந்தரமானார்.

1833-ல் அப்பாஸ் மிர்ஸா இறந்தார். அடுத்த வருடமே கிழட்டு ராஜாவும் போய்ச்சேர்ந்தார். முகமது மிர்ஸாதான் வாரிசு. ஆனால் சித்தப்பா, பெரியப்பாக்கள் விடுவார்களா? டெஹ்ரானில் ஒருவர், ஷிராஸில் ஒருவர், நான்தான் ராஜா என்று கிளம்பிவிட்டார்கள். பணம் புரட்டி, படை திரட்டி, பிரிட்டிஷ், ரஷ்யத் தூதர்களைச் சரிக்கட்டி, முகமதுவைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்தது காயெம் மகாம்தான்.

அதுதான் அவர் செய்த மாபெரும் தப்பு.

உட்காரவைத்தவரே கணக்கும் கேட்க ஆரம்பித்தார். கஜானாவில் கைவைக்காதே, கண்டவனுக்கெல்லாம் வாரிக் கொடுக்காதே. எல்லா நியமனமும் தன் கை வழியாகத்தான் என்று பிடிவாதம். இந்த விஷயத்தில் அவரும் கொஞ்சம் அதிகம்தான். 27 வயது ராஜாவுக்கு எரிச்சல். வியாபாரச் சலுகை கிடைக்காத பிரிட்டிஷ் தூதர் ஜான் காம்ப்பெல்லுக்கும் எரிச்சல். கிண்டல் பாட்டில் அடிபட்டவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். முடிசூட்டி ஆறு மாதம்கூட ஆகவில்லை. தோட்டத்துக்கு அழைப்பு வந்துவிட்டது.

இதில் ஒரு சட்டச் சிக்கல். இவர் ரத்தத்தைச் சிந்தமாட்டேன் என்று மஷ்ஹத் தர்காவில் அப்பாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாராம் ராஜா. சத்தியத்தை மீறலாமா? மகா பாவம் அல்லவா? அதனால் ரத்தம் சிந்தவில்லை. சில நாள் அடைத்துவைத்து, ஜூன் 26 அன்று கழுத்தை நெரித்துவிட்டார்கள்.

கதை இத்துடன் முடியவில்லை. காயெம் மகாம் வீட்டுச் சமையல்காரருக்கு ஒரு மகன். எஜமானின் பிள்ளைகளுக்குச் சாப்பாடு எடுத்துப்போகும் சாக்கில் கதவோரம் நின்று பாடம் கேட்டே படித்த பையன் என்பார்கள். எஜமானர் கவனித்து வளர்த்துவிட்டார். அவர்தான் பின்னாளில் இரானையே மாற்றப் பார்த்த பிரதம மந்திரி அமீர் கபீர். அவரை 1852-ல் காஷான் குளியலறையில் வைத்துக் கொன்றார்கள். உத்தரவு போட்டது முகமது ஷாவின் மகன்! அப்பன் குருவை முடித்தான், மகன் சீடனை முடித்தான்.

அந்தப் பேனா என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அங்குமிங்கும் சிதறிக்கிடந்த காயெம் மகாமின் கடிதங்களைப் பிற்பாடு தேடிப்பிடித்துத் தொகுக்க முன்நின்றவர் ஃபர்ஹாத் மிர்ஸா. 'முன்ஷாஆத்' என்ற அந்தத் தொகுப்பு, நவீன பாரசீக உரைநடைக்கு ஆரம்பப் புள்ளிகளில் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

ஃபர்ஹாத் மிர்ஸா யார் தெரியுமா? பேனாவைப் பிடுங்கச் சொன்ன முகமது ஷாவின் தம்பி.