கோஸ்டாரிக்கா வனப் பாதுகாப்பு ஊதியம்

மத்திய அமெரிக்க நாடான கோஸ்டாரிக்காவில், வாயுமண்டலத்திலுள்ள கரியமிலவாயுவைக் கிரகித்துக்கொள்வது முதலாக வனம் செய்யும் உபகாரங்களுக்கு ஈடாக, நிலத்துக்குரியவர்களுக்கு அரசாங்கம் 1997 முதல் பணம் வழங்கிவரும் ஏற்பாடு இப்பெயரால் வழங்கும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வனம் மிகுந்திருந்த அத்தேசத்தில், காட்டை அழித்துத் திருத்தியவனுக்கே நிலம் என்ற வழக்கும், மாட்டுப் பண்ணைகளுக்கு வங்கிகள் தாராளமாகக் கொடுத்த கடனும், அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குப் பெருகிய மாட்டிறைச்சி ஏற்றுமதியும் ஒன்றுகூடி, 1980களில் வனப்பரப்பை நாட்டின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டன. மரம் நடுவோருக்கு அரசாங்கம் முதலில் அளித்தது வருமான வரிச் சலுகை. வருமான வரியே கட்டாத சிறு குடியானவனுக்கு அதனால் விளைந்த பயன் யாதென்று கேட்கவேண்டியதில்லை.

1996இல் இயற்றப்பட்ட 7575ஆம் எண் வனச்சட்டம், காட்டை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதைத் தடை செய்ததோடு, கரியமிலவாயுவைக் குறைத்தல், நீர்வளம் காத்தல், ஜீவராசிகளைப் பேணுதல், இயற்கை வனப்பு ஆகிய நான்கையும் ஊதியத்துக்குரிய சேவைகளாக அங்கீகரித்து, அதற்கான நிதியை எரிபொருள் வரியிலிருந்து பெறவும் வழிசெய்தது. வண்டியோட்டுபவன் விடும் புகைக்கு அவனிடமே கூலி பெற்று, அப்புகையை உண்ணும் மரத்துக்குரியவனிடம் சேர்ப்பிக்கும் இந்த யுக்தியைப் பிற தேசத்தாரும் வியந்தனர். 1997இல் நார்வே 20 லட்சம் டாலர் கொடுத்து 2 லட்சம் டன் கரிமத்தைக் குறைத்ததற்கான சான்றுகளை வாங்கிற்று.

ஆயினும், இன்று நாட்டில் பாதிக்கு மேல் பரவியுள்ள வனம் முழுவதும் இவ்வூதியத்தால் வளர்ந்ததெனக் கொள்வது பிழை. 1980களில் மாட்டிறைச்சி விலை வீழ்ந்து மேய்ச்சல் நிலங்கள் கைவிடப்பட்டபோதே, நட்டவர் எவருமின்றிக் காடு தானாக மீளத் தொடங்கிவிட்டது. ஊதிய ஒப்பந்தத்துக்குட்பட்ட நிலத்தின் பெரும்பகுதியும் புதிதாக நாற்று நட்டதன்று, இருந்த காட்டைத் தொடாது விட்டதே. அதிலும், உழவுக்குதவாத மலைச்சரிவுகளை ஊதியமின்றியே விட்டுவைத்திருப்பர் என்ற ஆக்ஷேபம் உண்டு. எனினும், வெட்டாதே என்ற தடையை நிலவுடைமையாளர் பெரிதும் முணுமுணுக்காமல் ஏற்றமைக்கு இப்பணமே காரணமென்பது நியாயமான மதிப்பீடாகும்.

வனநாசத்தைத் தடுத்து 32.8 லட்சம் டன் கரியமிலவாயு குறைத்ததற்காக, உலக வங்கியின் வனநிதி 2022இல் இந்நாட்டுக்கு 1.64 கோடி டாலர் வழங்கியது. டன்னுக்கு 5 டாலர் வீதம்.