கோவை வயலில் தொடங்கிய ஒரு கேள்வி

போன மாசம் அரிசி வாங்க வந்த சென்னைத் தம்பி ஒருத்தர், மூட்டையை வண்டியில ஏத்தறதுக்கு முன்னால கேட்டார்: “அண்ணா, நீங்க மாட்டுச் சாணி எரு போட்டு விளைய வைக்கிறீங்க. கடை அரிசியைவிட இதுல சத்து கூடவா இருக்கும்?”

ஆமாங்கன்னு சொல்லியிருந்தா இன்னொரு மூட்டையும் போயிருக்கும். வாய் வரைக்கும் வந்த பதிலை முழுங்கிட்டு, “இது நூறு வருசத்துக் கேள்வி தம்பி, எழுதறேன்”னு சொல்லி அனுப்பினேன். சொன்ன வாக்குக்காக இந்தப் பதிவு.

இந்தக் கேள்வியை நம்ம ஊர்ல விஞ்ஞான முறையில முதல்ல கேட்டவங்கள்ல ஒருத்தர் ராபர்ட் மெக்காரிசன். அயர்லாந்துல பிறந்து, இந்திய மருத்துவப் பணியில சேர்ந்த டாக்டர். 1918ல குன்னூர் பாஸ்டர் நிலையத்துல பெரிபெரி நோயைப் பத்தி ஆராய்ச்சியைத் தொடங்கினார். கால் மரத்துப்போய், வீங்கி, இதயம் பழுதாகிற நோய் அது. நல்லா தீட்டின வெள்ளை அரிசியே கதின்னு இருந்தவங்களைத்தான் அது அதிகமாப் பிடிச்சது. தவிட்டோட போகிற பி1 வைட்டமின் இல்லாததுதான் காரணம். நெல்லை அவிச்சுக் குத்தினா அந்தச் சத்துல ஒரு பங்கு தவிட்டுல இருந்து அரிசிக்குள்ள இறங்கிடும். நம்ம பாட்டிமாருக்கு வைட்டமின்னு ஒரு வார்த்தை தெரியாது. ஆனா புழுங்கலரிசி அவங்க குடும்பத்தைக் காப்பாத்தியிருக்கு.

மில்லுல நடக்கிற இழப்பு புரிஞ்சதும், அடுத்த கேள்வி வயலுக்குப் போச்சு. ஒரே தானியம், வேற வேற உரத்துல விளைஞ்சா சத்து மாறுமா?

இதைச் சோதிக்கத் தோதான வயல் கோயம்புத்தூர்லயே இருந்துச்சு. 1909ல அங்க வேளாண் கல்லூரிப் பண்ணையில நிரந்தர உரச் சோதனை வயல்னு ஒண்ணைத் தொடங்கியிருந்தாங்க. ஒரு பாத்திக்கு எதுவுமே கிடையாது, ஒண்ணுக்கு ரசாயன உரம், இன்னொண்ணுக்குத் தொழு உரம்னு வருசா வருசம் மாத்தாமப் போட்டுட்டு வந்தாங்க. அந்த ஊர் வேளாண் ரசாயனத் துறையில இருந்த விஸ்வநாத்தும் மெக்காரிசனும் சேர்ந்து, வேற வேற உரத்துல விளைஞ்ச சிறுதானியத்தையும் கோதுமையையும் எடுத்துச் சோதிச்சாங்க. வைட்டமினை இன்னைக்கு மாதிரி மிஷின்ல அளக்க அப்போ வழியில்லை. தானியத்தைப் பிராணிகளுக்குப் போட்டு, எது தேறுது, எது மெலியுதுன்னு பார்க்கிறதுதான் ஒரே வழி.

1926ல முடிவை வெளியிட்டாங்க. தொழு உரத்துல விளைஞ்ச தானியம், ரசாயன உரத்துல விளைஞ்சதைவிடச் சத்தானதுன்னு அதுல இருந்துச்சு. இயற்கை விவசாயம் பேசறவங்க இன்னைக்கு வரைக்கும் இதைக் கையில எடுத்துட்டுத்தான் வர்றாங்க. நானும் பெருமையா எடுத்துட்டுத் திரிஞ்சவன்தான்.

ஆனா கதை அங்க முடியலை. பின்னால வேற வேற ஊர்ல, வேற வேற மண்ணுல செஞ்ச சோதனைகள் எல்லாம் ஒரே பதிலைச் சொல்லலை. சிலதுல வித்தியாசம் தெரிஞ்சது, சிலதுல தெரியலை.

இங்கிலாந்துல ரோதம்ஸ்டெட்னு ஒரு பண்ணை. 1843ல இருந்து ஒரே வயல்ல கோதுமை போட்டு, ஒவ்வொரு வருச மணியையும் பத்திரமா எடுத்து வச்சிருக்காங்க. அந்தப் பழைய மணிகளை அளந்து பார்த்து 2008ல ஒரு ஆய்வு வந்துச்சு. 1960கள் வரைக்கும் துத்தநாகம், இரும்பு, தாமிரம் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவுல இருந்திருக்கு. குட்டை ரகக் கோதுமை வந்ததுக்கு அப்புறம்தான் இறங்கியிருக்கு. மண்ணுல சத்து குறையலை. எரு போட்ட பாத்தியிலயும் அதே இறக்கம்தான். ஆக, உரத்தை மட்டும் குத்தம் சொல்லிட முடியாது, விதைக்கும் அதுல பங்கு இருக்கு. விளைச்சல் கூடினா மணிக்கு மணி சத்து நீர்த்தும் போகும்.

இதைப் படிச்சப்போ எனக்கு என் வயல் ஞாபகம்தான் வந்துச்சு. எங்களது சுண்ணாம்பு பூமி. பத்து வருசமா தொழு உரம் மட்டும்தான். ரெண்டு வருசத்துக்கு முன்னால நாத்து நட்ட மூணாவது வாரம் இலையில துரு பிடிச்ச மாதிரி பழுப்புப் புள்ளி. பயிர் ஏறவே இல்லை. மண் பரிசோதனையில துத்தநாகம் பத்தலைன்னு வந்துச்சு. சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணுல துத்தநாகம் இருந்தாலும் வேர் எடுக்க முடியாதபடி கட்டிக்கும். பயிருக்கே கிடைக்காதது மணிக்கு எங்க இருந்து வரும்? என் அரிசியைச் சத்துள்ளதுன்னு நம்பி வாங்கிட்டுப் போன குழந்தைங்களோட வீடுங்க மனசுல வந்து நின்னுச்சு.

ஏக்கருக்கு பத்து கிலோ துத்தநாக சல்பேட்டை மணல்ல கலந்து தூவினேன். கூட்டாளி ஒருத்தர், “நீயும் உப்பு போட ஆரம்பிச்சுட்டியா?”ன்னு கேட்டார். ஆமான்னேன். எருவை நிறுத்தலை. மண்ணுல ஈரம் பிடிக்கவும், உசுரு இருக்கவும், போட்ட சத்து ஓடாம நிக்கவும் எரு வேணும். இல்லாத துத்தநாகத்தை மாடு மட்டும் எங்க இருந்து கொண்டு வரும்? அதே மண்ணுல விளைஞ்ச வைக்கோலைத்தானே அது திங்குது.

தம்பிக்கு என் பதில் இதுதான். எரு போட்டதாலேயே என் அரிசியில சத்து கூடன்னு சத்தியம் பண்ண மாட்டேன். மண்ணைச் சோதிச்சு, இல்லாததைக் கொடுத்திருக்கேன், அதைச் சொல்வேன். அவிச்சு, தவிடு முழுக்கப் போகாம அரைச்சுத் தரேன், அதையும் உறுதியாச் சொல்வேன். பாலிஷ் குறைஞ்ச அரிசி பழுப்பாத்தான் இருக்கும், சீக்கிரம் வண்டு விழும், வேகவும் நேரமாகும். அடுத்த தடவை “கொஞ்சம் வெள்ளையா அரைச்சுக் கொடுங்கண்ணா”ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. வயல்ல நான் சேர்த்தது பூராவும் மில்லுலயே தவிடாப் போயிடும்.